களத்து நெல்லும் காலமாற்றமும்

"காலம் மாறிப்போச்சு, சாதியெல்லாம் இப்ப யாரு பாக்குறா" என்கிறவர்கள் 1994இல் வெளிவந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலைப் படிக்கட்டும். பறையர் காலனிக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார்ப் பெண் ஆரோக்கியம். சலவைக்கடை வருது, தையல் மிஷின் வருது. களத்து நெல்லும் ராச்சோறும் குறையுது. பணப்புழக்கம் வந்தால் சாதி கரையும் என்பது அறிவுஜீவிகளின் கணக்கு. இங்கே கரைந்தது அவள் கஞ்சிதான். சாவுக்கும் பிரசவத்துக்கும் அவள் வேணும். கூலி அளக்கத்தான் மனசு வரல.

தலித்தைத் தலித்தே ஒடுக்குவதாக எழுதி எதிரிக்கு ஆயுதம் கொடுத்துவிட்டார் என்று நம்மவர்கள் சிலர் கோபப்பட்டார்கள். அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் ஊர்த்தெருவின் சாதிப்படிக்கட்டு சேரிக்குள்ளும் இறங்குவதை மறைத்துவிட்டு எந்த விடுதலையைப் பேசுவது? அந்த விடுதலையில் ஆரோக்கியத்துக்கு எத்தனை படி அளக்கப்போறோம்?