டிசிபி நினைவக வரம்பு: தேவையான வேலி, தவறான அளவுகோல்

16 ஜிபி நினைவகம் கொண்ட ஒரு லினக்ஸ் சர்வரில் டிசிபி இணைப்புகள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு எடுக்கலாம்? யாரும் கை வைக்காத இயல்பு அமைப்பில் ஏறத்தாழ 1.5 ஜிபி. இயந்திரம் தொடங்கும்போதே கர்னல் இதைக் கணக்கிட்டு, 'டிசிபி மெம்' என்ற அமைப்பில் மூன்று எண்களாக எழுதிவிடுகிறது. நடு எண்ணைத் தாண்டினால் நெருக்கடி நிலை. கடைசி எண்ணைத் தாண்டினால் இடம் மறுக்கப்படும்.

இந்த வேலி தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. செயலிகளின் நினைவகத்தை ஸ்வாப்புக்குத் தள்ளலாம். கர்னல் வைத்திருக்கும் பஃபரை அப்படித் தள்ள முடியாது. வரம்பு இல்லாவிட்டால், அனுப்பிய தரவைப் பெற்றுக்கொள்ளாமல் இணைப்புகளை மட்டும் ஆயிரக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும் வெளியாள் ஒருவரே சர்வரைச் சாய்த்துவிடலாம். நெருக்கடி நிலையில் கர்னல் ஓரளவு நியாயமாகவும் நடக்கிறது. சராசரிப் பங்குக்குக் குறைவாக எடுத்த இணைப்புக்கு அப்போதும் இடம் தருகிறது.

அந்த நியாயம் கடைசி எண் வரைதான். 2025-க்கு முந்தைய கர்னல்களில் ஓர் இணைப்பின் பெறும் பஃபர் இயல்பாக 6 எம்பி வரை வளரலாம். செயலி வேகமாகப் படிக்கும்வரை பஃபர் வளர்கிறது. பிறகு டேட்டாபேஸ் பூட்டு போன்ற ஏதோ ஒன்றில் செயலி சிக்கி, படிப்பதை நிறுத்துகிறது. அப்படி நின்றுபோன 250 இணைப்புகள் போதும், 1.5 ஜிபியும் நிரம்பிவிடும். வரிசையாக வந்து, 'பெற்றேன்' என்று ஒப்புதலும் சொல்லிவிட்ட தரவைக் கர்னல் தூக்கி எறிய முடியாது. எனவே பிடித்து வைத்திருப்பவரிடமிருந்து எதுவும் திரும்பி வராது. புதிதாக வரும் பாக்கெட்டுகள்தான் கைவிடப்படும். அதே இயந்திரத்தில் ஒழுங்காக ஓடும் வேறு செயலியும் காரணம் தெரியாமல் தடுமாறும். கடைசி எண் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனித்தனியாக இல்லாமல் முழு இயந்திரத்துக்கும் பொதுவாக இருப்பதால், பக்கத்துக் கன்டெய்னரும் தப்புவதில்லை.

இதைவிட என்னை வருத்துவது அலகுக் குழப்பம். ஓர் இணைப்புக்கான வரம்புகள் பைட்டில் எழுதப்படுகின்றன. மொத்த வரம்போ 4096 பைட் கொண்ட பக்கங்களில். இரண்டுமே அடுத்தடுத்து நிற்கும் மூன்று எண்கள், பெயர்களும் ஏறக்குறைய ஒன்றே. "4096 87380 16777216" என்ற பைட் கணக்கை அப்படியே மொத்த வரம்பில் ஒட்டினால் கடைசி எண் 64 ஜிபி ஆகிவிடும். 16 ஜிபி இயந்திரத்தில் அது வேலியைப் பிடுங்கிப் போட்டதற்குச் சமம். நடு எண்ணோ 341 எம்பிக்குச் சுருங்கி, நெருக்கடி நிலை தேவைக்கு முன்பே தொடங்கிவிடும். இப்படியொரு பிழையை எளிதாக்கும் வடிவமைப்பைப் பயனரின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது.

வரம்பை எடுக்கச் சொல்லவில்லை. அதைக் கன்டெய்னர் அளவில் பிரிப்பதே சரி. வளங்களைக் குழுவாரியாகக் கணக்கிடும் லினக்ஸ் வசதியான சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பு சாக்கெட் நினைவகத்தையும் அந்தந்தக் குழுவின் கணக்கிலேயே சேர்ப்பது நல்ல திசை. சர்வர் பராமரிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கர்னல் பதிவில் 'நினைவகம் போதவில்லை' என்ற டிசிபி வரியைக் கண்டவுடன் எண்ணை உயர்த்தாதீர்கள். எந்தச் செயலி படிக்காமல் நிற்கிறது என்று முதலில் தேடுங்கள்.