சுல்தான் ரத்தமும் அடிமை ரத்தமும்

மட்டாஞ்சேரியில் மிளகு வியாபாரம் செய்து பிழைப்பவன் நான். பள்ளிக்கூடப் படிப்போடு சரி. மற்றதெல்லாம் கடையைச் சாத்திய பிறகு படித்ததுதான். பிழை இருப்பின் ஆன்றோர் பொறுத்தருள்க.

1995-ஆம் ஆண்டு எங்கள் ஊரைப் பற்றி இரண்டு ஆங்கில நூல்கள் வெளிவந்தன. ஒன்று, சல்மான் ருஷ்டியின் 'தி மூர்ஸ் லாஸ்ட் சை' என்ற நாவல். மற்றொன்று, கொச்சி யூதப் பெண்மணி ரூபி டேனியல், மானிடவியல் அறிஞர் பார்பரா ஜான்சனுடன் சேர்ந்து எழுதிய 'ரூபி ஆஃப் கொச்சின்' என்ற வாழ்க்கை நினைவுகள். இரண்டிலும் கலப்பு வம்சம் பற்றிய பேச்சு உண்டு. முன்னதை உலகமே படித்தது. பின்னதை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்?

ருஷ்டியின் கதாநாயகனுக்குத் தாய், வாஸ்கோ ட காமா வழி என்று பெருமை பேசும் கத்தோலிக்க மிளகு வணிகர் வீட்டுப் பெண். தந்தை மட்டாஞ்சேரி யூதர். இந்தத் திருமணத்தை எதிர்க்கும் தம் தாயிடம், 'நம்ம வம்சத்திலேயே கலப்பு இருக்கே' என்று பழைய ஏடு ஒன்றைக் காட்டி வாயடைக்கிறார் அவர். அந்தக் கலப்பு யாரால் வந்தது? 1492-ல் கிரானடாவை இழந்த முஸ்லிம் சுல்தானால்! தூய்மைப் பெருமையை ருஷ்டி அழகாகத்தான் உடைக்கிறார். ஆனால் உடைக்க அவருக்கு ஒரு சுல்தான் தேவைப்படுகிறார்.

ரூபி டேனியலுக்கு (1912–2002) அந்த வசதி இல்லை. அவர் பிறந்த பிரிவுக்கு 'மெஷுஹ்ராரிம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். விடுவிக்கப்பட்ட அடிமைகள் என்று பொருள். யூத எஜமானர்களுக்கு அடிமைப் பெண்களிடம் பிறந்தவர்களின் சந்ததியும் இதில் அடக்கம். 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூதப் பள்ளியில் இவர்களுக்கு இடம் வெளி அறையின் தரை. வேதம் வாசிக்க அழைக்கப்படும் உரிமையும் கிடையாது.

மத விதியா இது? இல்லவே இல்லை. கொச்சியிலிருந்து போன கேள்விக்கு, 16-ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவின் ரபி டேவிட் இப்னு ஸிம்ரா பதில் எழுதிவிட்டார்: முறைப்படி நீராட்டி மதத்தில் சேர்க்கப்பட்டவர் முழு யூதரே, சம்பந்தம் செய்யலாம். தீர்ப்பு வந்தும் தரை மாறவில்லை. அதே பிரிவில் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சாலெம் (1882–1967) 20-ஆம் நூற்றாண்டில் காந்திய வழியில் போராடிய பிறகே உரிமைகள் ஒவ்வொன்றாய் வந்தன.

ரூபியின் நூலில் அலங்காரம் இல்லை. பேய்க்கதை, பண்டிகை, பெண்கள் பாடிய மலையாளப் பாட்டு என்று பாட்டி பேசுவது போலப் போகிறது. இடையில் அவமானமும் வருகிறது. வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் வீட்டுப் பெண்தான் அந்தப் பாட்டுகளைக் காத்து மொழிபெயர்த்தார். என் தராசில் இந்நூலே கனம்.

ஏன் சொல்கிறேன் என்றால், நானும் தமிழ்ச் சமணன். "தமிழா? அப்போ நிஜ ஜெயினா?" என்று இங்கே என்னைக் கேட்டவர்கள் உண்டு. வலித்தது. ஆனால் நாம் மட்டும் என்ன வாழ்கிறது? வெள்ளைக்கார மருமகன் வந்தால் ஆல்பத்தை ஊரெல்லாம் காட்டுகிறோம். வேறு நிறத்தில், வேறு சாதியில் மருமகள் வந்தால் பேரப்பிள்ளையைப் பற்றிக் குரலைத் தாழ்த்துகிறோம். சுல்தான் ரத்தம் கலந்தால் காவியம். அடிமைப் பெண் ரத்தம் கலந்தால் வெளித்தரை.

யூதத் தெருவில் இன்று யூதர் அநேகமாக இல்லை. வெள்ளையர், கறுப்பர், விடுவிக்கப்பட்டவர் என்று பிரித்தவர்களும் பிரிக்கப்பட்டவர்களும் பெரும்பாலும் இஸ்ரேலுக்குக் கப்பலேறிவிட்டார்கள். வெளியூரில் சிறு கூட்டமாய் வாழும் நாம், நம் சங்கத்து விழாவில் எந்தப் பிள்ளையைப் பின்வரிசையில் உட்கார வைக்கிறோம் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வது நல்லது.