ஒருவர் கைப்பேசியில் ஓர் ஆர்டர்

திருப்பூர் பின்னலாடை நிறுவனங்கள் பலவற்றில் வெளிநாட்டு பையரிடம் பேசுகிறவர் ஒருவர்தான்: மெர்ச்சண்டைசர். நிட்டிங், கட்டிங், செக்கிங், பேக்கிங் என எங்கே சிக்கல் வந்தாலும் அவர் வழியாகத்தான் பையருக்குத் தெரியும். பையர் சொல்லும் மாற்றமும் அவர் வழியாகவே உள்ளே வரும்.

இந்த ஏற்பாட்டின் அருமையை முதலில் சொல்லியாக வேண்டும். இங்கே ஓர் ஆர்டர் ஒரே கூரையின் கீழ் முடிவது குறைவு. சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங் எல்லாம் பெரும்பாலும் வெளியே ஜாப் ஒர்க். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது துணி வெளியூர் போய்ச் சாயமேறி வந்தது. இப்படி நாலா பக்கமும் சிதறிக் கிடக்கும் வேலையை முழுதாக அறிந்தவர் ஒருவர் இருப்பதால்தான், லேப் டிப் எனும் சாய மாதிரித் துண்டின் நிறம் சரியில்லை என்று பையர் சொன்ன அன்றே டையிங் மாஸ்டருக்குத் தகவல் போகிறது.

ஆனால் அந்த ஒருவர் ஊரில் இல்லாவிட்டால்? நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், கழுத்து ரிப்பை 2 செ.மீ.யிலிருந்து 1.5 செ.மீ. ஆக்கச் சொல்லி இரவில் மெயில் வந்தது. மெர்ச்சண்டைசர் அதை சாம்பிள் பிரிவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு லீவில் ஊருக்குப் போனார். சாம்பிள் சரியாகப் போனது, அப்ரூவலும் வந்தது. கட்டிங் மேசைப் பக்கத்துத் தூணிலோ பஞ்சுத்தூசி படிந்த பழைய ஸ்பெக் ஷீட். மாஸ்டர் அதைப் பார்த்தே ரிப் வெட்டினார். கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் லாட் முழுதும் நின்றது. கழுத்தைப் பிரித்துத் தைத்து முடிப்பதற்குள் கப்பல் போய்விட்டது. சரக்கு விமானத்தில் போனது, நிறுவனத்தின் செலவில். வசவு முழுதும் மெர்ச்சண்டைசருக்கு. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தூணில் இருந்த தாளை மாற்றுவது யார் வேலை என்று அங்கே யாருக்கும் தெரியாது.

இதைவிடப் பெரிய குறை, தேதி கொடுப்பதில் இருக்கிறது. பையர் கைநழுவிவிடக் கூடாதென்று, டையிங்கில் மெஷின் காலி உண்டா என்றுகூடக் கேட்காமல், அவர் கேட்கும் தேதிக்கு நிறுவனத்தார் ஒப்புக்கொள்கிறார்கள். கப்பல் தேதியை முதலில் எழுதிவிட்டு மீதி நாட்களைப் பிரிவுகளுக்குப் பங்கு போடுகிறார்கள். துணி தாமதமானால் பறிபோவது தையலுக்கும் செக்கிங்குக்கும் உரிய நாட்கள். இரவு ஷிஃப்டில் கண்விழிப்பது டெய்லர்கள்.

சாஃப்ட்வேர் வாங்கினால் இந்தக் குறைகள் தீரும் என்று நான் நம்பவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த மாற்றத்தை அதில் ஏற்றவும் ஓர் ஆள் வேண்டும்.

முதலாளிகளிடம் கேட்பது இரண்டுதான். பையருக்குத் தேதி உறுதி சொல்லும் முன் புரொடக்‌ஷன் மேனேஜரையும் டையிங் பொறுப்பாளரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். மாற்றம் எதுவானாலும் கட்டிங் மாஸ்டர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட பிறகே மேசையில் துணி விரிக்கச் சொல்லுங்கள்.