ரஷீத் அராயீன்: சிற்பியும் தொகுப்பாளரும்

நூலொன்றைத் தொகுத்தார் இவர், தொகுப்பித்தார் இவர் எனப் பிரித்தறிதல் தமிழ்ப் புலவர்க்குப் பழகிய நெறி. கலைக்காட்சிக்கும் அவ்வேறுபாடு பொருந்தும் என்பதை ரஷீத் அராயீனின் வாழ்க்கை நன்கு விளக்குகின்றது.

1935-இல் கராச்சியிற் பிறந்து, ஆங்கே கட்டுமானப் பொறியியல் பயின்ற அவர், 1964-இல் இலண்டனிற் குடியேறினார். ஆண்டனி காரோவின் எஃகுச் சிற்பங்கள் அவரைக் கவர்ந்தன. எனினும் அவ்வழியை அவர் பின்பற்றவில்லை. காரோ ஒன்றற்கொன்று ஒவ்வாத உறுப்புகளைச் சமன்செய்து நிறுத்துவார். அராயீனோ பொறியாளர்க்கு இயல்பான ஒழுங்கையே கைக்கொண்டார். மூலைவாட்டில் சட்டம் பொருந்திய சதுரங்கள் முதலும் முடிவுமின்றி அடுத்தடுத்து நிற்கும். 1968-இற் கருக்கொண்ட 'சுழியிலிருந்து முடிவிலி வரை' என்னும் படைப்பில் திறந்த கனச்சதுரங்கள் 100 உள்ளன; காண்போர் அவற்றை எடுத்து மாற்றி அடுக்கலாம். 2023-இல் இலண்டன் டேட் மாடர்ன் காட்சிக்கூடத்தில் அவை 400 ஆயின. சிற்பி வைத்த வரிசை பிறர் கையாற் குலைவதே இங்குப் படைப்பின் நிறைவு.

இனி, தொகுப்பாளரைக் காண்போம். பிரித்தானியாவில் வாழ்ந்த ஆப்பிரிக்க, ஆசிய வழிக் கலைஞர்தம் நவீனப் படைப்புகளை ஒருங்கு திரட்டிக் காட்ட விழைந்து, 1978-இல் அவர் அந்நாட்டுக் கலை மன்றத்தை அணுகினார், மன்றம் மறுத்தது. 'மற்றொரு கதை' என்னும் அக்காட்சி 1989-இலேயே ஹேவர்டு காட்சிக்கூடத்தில் அரங்கேறிற்று. தொகுப்பார் இருந்தும் தொகுப்பிப்பார் இன்மையால் 11 ஆண்டுகள் கழிந்தன. இதனைச் சிறு காலத்தாழ்வு எனல் ஆகாது. ஜமைக்காவிற் பிறந்த சிற்பி ரொனால்டு மூடி 1984-இல் மறைந்தார். தம் சிற்பங்கள் அவ்வரங்கில் நின்றதை அவர் கண்டிலர்.

காட்சியில் இடம்பெற்ற 24 கலைஞருள் தம்மையும் ஒருவராக அராயீன் வைத்துக்கொண்டதைப் பழிப்பார் உளர். அப்பழி நேரியதன்று, அவரை விலக்கின் அவ்வரலாறே குறையுடைத்தாகும். உண்மைக் குறை வேறோரிடத்து உள்ளது. அவ்விருபத்து நால்வருள் பெண்டிர் நால்வரே. சிற்பத்தில் எவர்க்கும் மாற்றி அடுக்கும் உரிமை தந்தவர், வரலாற்றை அடுக்குங்கால் அத்துணைத் தாராளமாக இருந்திலர். தொகுத்தற்குப் பெண் கலைஞர் கிட்டிலர் எனலும் இயலாது. அந்நால்வருள் ஒருவரான லுபைனா ஹிமிட், தாம் உள்ளிட்ட கறுப்பின, ஆசியப் பெண் கலைஞர் 11 பேரின் படைப்புகளைத் திரட்டி, 1985-இலேயே அதே இலண்டனில் 'மெல்லிய கருங்கோடு' என்னும் காட்சியை அமைத்திருந்தார்.