22 மெட்டுப் பெட்டி

தாமஸ் ஹார்டி 1872-ல் எழுதிய ‘அண்டர் தி கிரீன்வுட் ட்ரீ’யைக் காதல் கதையாகத்தான் பெரும்பாலும் வாசிக்கிறோம். ஊருக்குப் புதிதாக வரும் டீச்சர் ஃபேன்சி டே, அவளை விரும்பும் மூன்று ஆண்கள், கடைசியில் கல்யாணம். ஆனால் நாவலுக்குள் இன்னொரு கதை இருக்கு. மெல்ஸ்டாக் கிராமத்து தேவாலயத்தில் காலங்காலமாக வயலின் வாசித்துப் பாடிவந்த ஒரு கூட்டத்தை அனுப்பிவிட்டு, அதே டீச்சரை ஆர்கன் முன்னால் உட்கார வைக்கிற கதை.

அந்தக் கூட்டம் சண்டை போடல. பாதிரியார் வீட்டுக்குப் போய்ப் பணிவாகப் பேசுறாங்க. போகச் சொன்னால் போய்விடுகிறோம், கிறிஸ்துமஸ் வரைக்கும் மட்டும் விடுங்கள் என்பதுதான் அவர்கள் கோரிக்கை. ஒரு பெரிய திருநாளோடு முடிந்தால் கௌரவம். பேரில்லாத ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தால் அவமானம். பேரம் கடைசியில் செப்டம்பர் மாத மைக்கேல்மஸ் திருநாளில் வந்து நிற்கிறது. நாவலின் ஆகச் சிறந்த இடம் இதுதான் என்பேன். வேலை போவதைத் தடுக்க முடியாதவர்கள், போகும் தேதிக்காகப் பேரம் பேசுகிறார்கள்.

இது ஹார்டியின் கற்பனை மட்டுமல்ல. 18-ஆம் நூற்றாண்டிலும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் இங்கிலாந்தின் கிராமத்து ஆலயங்கள் பலவற்றில் மேற்குப் பக்க மாடிதான் இசைக்காரர்களின் இடம். அதனால் அந்த இசைக்கே ‘வெஸ்ட் கேலரி’ என்று பின்னாளில் பேர் வந்தது. வாசித்தவர்கள் உழைப்பாளிகள், கைவினைஞர்கள். மெட்டுப் போட்டவர்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. தாமஸ் கிளார்க், கேன்டர்பரியில் செருப்புத் தைத்தவர். அவர் 1805-ல் வெளியிட்ட ‘கிரான்புரூக்’ மெட்டில்தான் மேய்ப்பர்களின் கிறிஸ்துமஸ் பாட்டைப் பாடினார்கள். அந்தப் பாட்டு தமிழ்ச் சபைகளிலும் உண்டு. மெட்டு மட்டும் வேற. இந்த இசையில் ஒரு குரல் தொடங்க, அடுத்தது துரத்திப் பிடிக்க, வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். படிப்பாளிகளுக்கு அது இரைச்சல். ஒழுங்குபடுத்த வந்த பாதிரியார்கள் மாடியைக் காலி செய்தார்கள்.

ஹார்டியின் தாத்தாவும் அப்பாவும் ஸ்டின்ஸ்ஃபோர்ட் ஆலயத்தில் வாசித்தவர்கள். அந்தக் குழு கலைந்தபோது அவர் கைக்குழந்தை. காதால் கேட்டிராத இசையைத்தான் எழுதியிருக்கிறார். 1896-ல் நாவலுக்கு எழுதிய முன்னுரையில், தனி ஆள் ஒருவர் வாசிப்பதால் கட்டுப்பாடும் தேர்ச்சியும் கூடியிருக்கலாம், ஆனால் ஊராருக்கு ஆலயத்தின்மேல் இருந்த அக்கறை போய்விட்டது என்கிறார். 1912-ல் இன்னும் ஒரு படி போய், இந்த மனிதர்களை இவ்வளவு வேடிக்கையாக எழுதியிருக்க வேண்டாமோ என்ற தொனியில் ஒரு குறிப்புச் சேர்க்கிறார். எனக்கும் அதே குறைதான். அவர்களை நாம் ரசிக்கிறோம், அவர்களுக்காகக் கோபப்படுவதில்லை.

அவருடைய இன்னொரு சிறுகதையில் மாடிக் குழு குளிருக்குக் குடித்துவிட்டு ஆராதனை நடுவே தூங்கிப்போகிறது. திடுக்கிட்டு விழித்து, ஆலயம் என்பதையே மறந்து, டான்ஸ் மெட்டு ஒன்றை வாசித்துத் தள்ளுகிறது. நடக்கக்கூடியதுதான். கையால் எழுதிய இசைப் புத்தகங்களில் ஒரு பக்கம் சங்கீதங்கள், தலைகீழாகத் திருப்பினால் ஆட்டப் பாட்டுகள் என்று அதே முன்னுரை சொல்கிறது. கோபமடைந்த பண்ணையார் ஒரு பெட்டி ஆர்கனை வாங்கி வைக்கிறார். கைப்பிடியைச் சுற்றினால் 22 சங்கீத மெட்டுகள் வரும். பாவம் செய்யணும்னு நினைச்சாலும் அதில் வேறெதுவும் வாசிக்க முடியாது. தப்பே நடக்காத இசை! விலை, அந்தக் குழு வேலையில்லாமல் போவது.

இதெல்லாம் நமக்கு எதுக்கு? மிஷனரிகள் வழியாகத் தமிழ்ச் சபைகளுக்கு வந்த ஆங்கிலப் பாட்டு பெரும்பாலும் ஜெயித்தவர்களின் பாட்டு. 1861-ல் ‘ஹிம்ஸ் ஏன்ஷன்ட் அண்ட் மாடர்ன்’ தொகுத்துக் கொடுத்த அந்த அடக்கமான ரசனை. தோற்ற செருப்புத் தொழிலாளியின் இசை அநேகமாகக் கப்பல் ஏறவில்லை. வெள்ளைக்காரன் பாட்டு என்று நாம் சொல்வது வெள்ளைக்காரக் கிராமத்தானை வாயை மூடச் சொன்ன பாட்டு.

இங்கேயும் அதே மாதிரி ஒரு மோதல் நடந்தது. 1774-ல் பிறந்து, ஷ்வார்ட்ஸிடம் வளர்ந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனைகளால் சபையை நிறைத்தவர். 1820-களில் புதிய மிஷனரிகளோடு மோதியபோது அவர்கள் செய்த கொடுமைகளைப் பட்டியல் போட்டார். பாட்டை விலக்கியது அதில் ஒன்று. நற்கருணையில் சாதி பார்க்கக் கூடாது என்று வற்புறுத்தியதும் ஒன்று! இங்கேதான் ஏக்கத்தோடு பேசுகிறவர்களுக்குத் தொண்டை அடைக்கணும். பாட்டைக் காப்பாற்றிய அதே கை வரிசையையும் காப்பாற்றியது. ஹார்டியின் மாடியும் ஆண்களின் மாடிதான். கீழே பள்ளிச் சிறுமிகள் கிறிஸ்துமஸ் காலையில் குரலை உயர்த்திப் பாடும்போது மேலே இருப்பவர்களுக்குப் பொறுக்கவில்லை. ‘சேர்ந்து பாடினோம்’ என்றால் யாரோடு சேர்ந்து என்று கேட்காமல் விட முடியாது.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ‘பரட்டை’ என்று அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு (1940–2005). மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்தவர். ஆங்கில ஞானப்பாட்டுக்கும் கர்நாடகக் கீர்த்தனைக்கும் மாற்றாக நாட்டுப்புற மெட்டை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். அதை யாரும் பாடலாம், பாடும்போதே மாற்றவும் செய்யலாம். தப்பும் திருத்தமும் பாடுகிறவர்கள் கையிலேயே இருக்கும்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் இந்த வாதத்தை வைத்துப் பார்த்தால் வேறொரு தடை தெரிகிறது. வல்லம் வடகாலில் 2024-ல் திறந்த தொழிலாளர் விடுதி ஒன்றில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். குரலுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஷிஃப்ட் சுழலும், ஒப்பந்தம் முடியும், ரூம்மேட் ஊருக்குப் போய்விடுவாள். இப்படிப்பட்ட இடத்தில் ஜெபக் கூட்டத்துக்கு கீபோர்டின் ரிதம் பட்டனும் பென்டிரைவில் ட்ராக்கும்தான் வசதி. அவை லீவு போடாது, தாளம் தப்பாது. ஹார்டியின் பண்ணையார் வாங்கிய பெட்டிக்கும் இதற்கும் மெட்டு எண்ணிக்கையில்தான் வித்தியாசம்.

ட்ராக்கைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. மெல்ஸ்டாக் குழுவைச் சாத்தியமாக்கியது மேதைமை அல்ல. அடுத்த ஞாயிறும் அதே ஆட்கள் அங்கே இருப்பார்கள் என்ற உறுதி. நாவலை வாசிக்கிறவர்கள் அந்தப் பேரக் காட்சியை இரண்டு தடவை வாசிங்க. அவர்களுக்கு மைக்கேல்மஸ் வரைக்குமாவது கிடைத்தது.