இருபடிக் கணக்கு: ஏற்றத்துக்கு ஒன்று, இறக்கத்துக்கு வேறு

பெரம்பலூர் மாவட்டத்து லப்பைக்குடிக்காட்டிலிருந்து வளைகுடாவுக்குப் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் எண்ணெய் ரிக்கில் டிரில்லர் ஆக வேண்டுமானால், கிணற்றுக் கட்டுப்பாட்டுத் தேர்வில் ஒரு சூத்திரத்தைச் சந்தித்தே தீருவார். பம்பின் வேகம் எந்த விகிதத்தில் மாறுகிறதோ, ‘மட்டு’ எனப்படும் துளையிடும் சேற்றின் சுழற்சி அழுத்தம் அதன் இருபடியாக மாறும். காவிரிப் படுகையில் ஓ.என்.ஜி.சி. துளையிடும் ரிக்குகளுக்கும் இதே கணக்குதான்.

நிமிடத்துக்கு 60 பம்ப் ஸ்ட்ரோக்கில் 1500 பி.எஸ்.ஐ. என்றால், 80 ஸ்ட்ரோக்கில் 2667 வரும் என்கிறது சூத்திரம். கால்குலேட்டர் கூடத் தேவையில்லை. கேஜ் அதைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டினால், குழாயில் ஓட்டை விழுந்திருக்கிறதா, பம்ப் சரியாக இழுக்கிறதா என்று பார்க்கத் தூண்டும். இந்தப் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் இருபடி என்பது துளையிடும் பிட்டின் நாசில்களுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். குழாய்க்குள் கொந்தளித்து ஓடும் மட்டுக்கு அடுக்கு ஏறத்தாழ 1.8. குழாய்க்கு வெளியே, வளைய இடைவெளியில் மெதுவாக ஏறும் மட்டுக்கு அது இன்னும் வெகுவாகக் குறையும். எல்லாம் சேர்ந்து 1.8 என்றே கொண்டால், 80 ஸ்ட்ரோக்கில் கேஜ் காட்டுவது 2520-ஐ ஒட்டி இருக்கும். சூத்திரம் மிகைத்துச் சொல்கிறது. சொன்னதைவிடச் சற்றுக் குறைவாக வந்தால் பம்புக்கோ குழாய்க்கோ சேதமில்லை. ஏற்றும்போது பிழை பாதுகாப்பின் பக்கம்.

இறக்கும்போது கதை தலைகீழ். அந்த 2520-ஐ வைத்து 30 ஸ்ட்ரோக்குக்குக் கணக்கிட்டால் இருபடி தருவது 354. உண்மையில் தேவைப்படுவது 431. வாயு உள்ளே புகுந்த கிணற்றை அடக்கும் நேரத்தில் 354-ஐ நம்பி, மட்டு வெளியேறும் சோக் வால்வைத் திறந்தால், கிணற்றின் அடியில் அழுத்தம் எழுபத்தைந்து பி.எஸ்.ஐ.க்கு மேல் குறைகிறது. கூடுதல் அழுத்தம் சேர்த்து வைத்திருந்தால் அது ஈடுகட்டும். இல்லையென்றால் வாயு மீண்டும் புகும். ஆந்திரத்தின் பாசர்லப்பூடியில் 1995-இல் வாரக்கணக்கில் எரிந்த கிணற்றுக்குக் காரணம் இந்தச் சூத்திரம் என்று நான் சொல்லவில்லை; கட்டுப்பாடு கைநழுவினால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

இத்தனைக்கும் அந்த இடத்தில் மதிப்பீடே தேவையில்லை. ஷிஃப்ட் தொடக்கத்திலும், மட்டின் எடையோ பிட்டோ மாறியவுடனும் பம்பை மெதுவாக ஓட்டி அப்போதைய அழுத்தத்தை அளந்து எழுதுவது ரிக்குகளின் வழக்கம். அது விடுபட்டாலும், கேசிங் (வளைய இடைவெளி) அழுத்தத்தை மாறாமல் பிடித்தபடி, கிணற்றை அடக்கும் மெதுவான வேகத்துக்குப் பம்பைக் கொண்டுவந்தால், குழாய்க் கேஜ் சரியான எண்ணைத் தானே காட்டிவிடும். ஏற்றத்துக்கு இருபடிக் கணக்கு போதும். கிணற்றை அடக்கும் கணக்குத் தாளில் அளந்த எண் மட்டுமே ஏற வேண்டும்.