நாலு விரல் அலகு

என்னிடம் இருக்கும் கத்திகளில் உசத்தியானது காசு கொடுத்து வாங்கியதில்லை. அத்திப்பட்டில் ஒரு லேத் பட்டறைக்காரர் போகிறபோக்கில் செய்து கொடுத்தது. பவர் ஆக்ஸா மெஷினில் இரும்பு ராடு அறுத்து அறுத்துப் பல் மழுங்கிய பிளேடை அவர் தூக்கிப் போடவில்லை. துண்டு போட்டு, ஒரு பக்கத்தைக் கிரைண்டரில் சரித்து, இரண்டு மரச்சில்லுகளைப் பிடியாக வைத்து ரிவிட் அடித்துவிட்டார். பிளேடை மெஷினில் மாட்டுவதற்கென்று முனையில் ஓர் ஓட்டை இருக்குமல்லவா, ரிவிட் அதிலேயே இறங்கியிருக்கிறது. இந்த இரும்பில் புதிதாக ஓட்டை போட முயன்றிருந்தால் டிரில் பிட்தான் கருகியிருக்கும்.

அலகு நாலு விரல் நீளம். அதற்கு மேல் போனால் அது வேறு கத்தி. அரிவாள்மனையில் நாம் காயைக் கொண்டுபோய் அலகில் கொடுக்கிறோம். சின்னக் கத்தியில் காய் இடது கையிலேயே இருக்கும், அலகுதான் கட்டைவிரலை நோக்கி வரும். சின்ன வெங்காயத்தின் வேர்ப்பக்கத்தைக் கிள்ளுவது, மாம்பழத்தில் அடிபட்ட இடத்தை மட்டும் தோண்டுவது, பழவேற்காட்டு இறாலின் முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை உருவுவது எல்லாம் இதற்குரிய வேலை. (நரம்பு என்கிறோமே தவிர அது குடல்.) இவ்வளவு கிட்டத்தில் நடக்கும் வேலைக்கு நீள அலகு எதற்கு?

கடையில் வாங்குகிறவர்கள் பளபளப்பைப் பார்க்கிறார்கள், பிடியின் நிறத்தைப் பார்க்கிறார்கள். நான் கத்தியை மல்லாத்தி, முதுகிலிருந்து வாய் வரை எப்படி மெலிந்து வருகிறது என்று பார்ப்பேன். முதுகு தடியாக இருந்தால் பரவாயில்லை. வாய்க்குச் சற்று மேலே தடித்திருந்தால் எவ்வளவு தீட்டினாலும் அந்தக் கத்தி கேரட்டை அறுக்காது, பிளக்கும். பாதி இறங்கியதும் ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும், துண்டு தெறித்துப் போகும். அடுத்து, வாயை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. எங்கே வெள்ளைப் புள்ளி மின்னுகிறதோ அங்கே மழுங்கியிருக்கிறது.

ஆக்ஸா பிளேடிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய பிளேடுகள் முழுக்க ஹைஸ்பீட் ஸ்டீல். டங்ஸ்டனோ மாலிப்டினமோ கலந்தது, தணல் நிறம் வரும் வரை சூடானாலும் கடினம் குறையாது. இப்போது வரும் பைமெட்டல் பிளேடுகளில் பல் இருக்கும் விளிம்பு மட்டும்தான் அந்த ஸ்டீல், முதுகு சாதாரண ஸ்பிரிங் இரும்பு. பல்லைத் தேய்த்துவிட்டுக் கத்தி செய்தால் விலையுயர்ந்த பகுதி முழுக்கக் கிரைண்டர் தூளாகப் போயிருக்கும். பட்டறைக்காரர் பொறியைப் பார்த்தே சொல்லிவிடுவார். கார்பன் இரும்பில் மத்தாப்பு மாதிரி வெடித்துச் சிதறும், ஹைஸ்பீடில் மங்கிய சிவப்பாக நாலைந்து கோடுதான். “பூ விடாது சார், அதுதான் ஒரிஜினல்” என்றார்.

சைக்கிளில் சாணைச் சக்கரம் கட்டி வருகிறவரிடம் நான் அரிவாள்மனையைக் கொடுப்பேன், சின்னக் கத்தியைக் கொடுக்கமாட்டேன். அவர் கைத்திறன் மேல் சந்தேகமில்லை. உலர்ந்த சக்கரத்தில் மெல்லிய அலகு நொடியில் சூடேறிவிடும். விளிம்பில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்து இரும்பு இளகிவிட்டது, பிறகு கூர் நிற்காது. ஹைஸ்பீடுக்கு இந்தப் பயம் இல்லை, கார்பன் இரும்புக்கு உண்டு.

சின்னக் கத்திக்குக் கல்தான் சரி. கல்லுக்கு நாங்கள் ஊர்விட்டு ஊர் தேட வேண்டியதில்லை. அத்திப்பட்டு இருக்கும் இதே கும்மிடிப்பூண்டி ரயில் லைனில் சென்ட்ரல் பக்கம் போனால் திருவொற்றியூர். 1954-இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் அங்கேதான் சாணைக்கல் செய்யத் தொடங்கியது. கார்போரண்டம் என்பதே ஒரு தவறிய முயற்சியின் பலன். 1891-இல் எட்வர்ட் அச்சிசன் என்ற அமெரிக்கர் செயற்கை வைரம் செய்யப்போய், வைரத்துக்குச் சற்றே இளைத்த இந்தப் பொருளைக் கண்டெடுத்தார். பின்னாளில் அதற்கு மணலும் கோக் கரியும் போதும் என்றாகிவிட்டது. ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ் என்று வரும் கல் ஒன்று போதும்.

தண்ணீர் விட்டுக் கல்லை ஈரத்துணி மேல் வைக்க வேண்டும். அலகைப் படுக்க வைத்து, நாலு ஒரு ரூபாய் காசு அடுக்கினால் வரும் உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் கோணம் ஏறக்குறைய சரி. கை கற்றுக்கொள்ளும் வரைதான் காசு வேண்டும். ஒரே பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் மறுபக்கத்தில் பிசிறு எழும்பும். கண்ணுக்குத் தெரியாது. முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகக் கட்டைவிரலை வழித்தால் விளிம்பில் நூல் இடறுவது போலிருக்கும். அது நுனி முதல் அடி வரை எழும்பாமல் பக்கம் மாற்றுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு. கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், வாயைப் பின்னுக்கு வைத்துப் பத்து இழுப்பு. பழுத்த நாட்டுத் தக்காளி மேல் அழுத்தாமல் வைத்து இழுத்தால் தோல் வழிவிட வேண்டும்.

இவ்வளவு புகழ்ந்தும், ஆக்ஸா கத்தியைத் தினமும் நான் எடுப்பதில்லை. மாதக்கணக்கில் கூர் நிற்கிறது, ஆனால் மழுங்கிவிட்டால் கல்லைத்தான் தின்கிறது. அரைமணி நேரம் தேய்த்தாலும் முறைத்துக்கொண்டே இருக்கும். கீழே விழுந்தால் நுனி தெறித்துவிடும். என் கை தானாகப் போவது கொல்லுப்பட்டறையில் அடித்த சாதாரண இரும்புக் கத்திக்குத்தான். வாரம் தவறாமல் மழுங்கும், எட்டுத் தீட்டில் திரும்பி வரும். எண்ணூர்க் கழிமுகத்து உப்புக்காற்றில் ஓர் இரவு ஈரமாக விட்டால் காலையில் செம்புள்ளி பூத்திருக்கும், அதனால் துடைத்துத் தேங்காயெண்ணெய் தொட்டு வைக்கிறேன். வாழைத்தண்டும் மாங்காயும் பட்டுப் பட்டு அலகு கருநீலமாகிவிட்டது. அந்தப் படலம்தான் துருவை ஓரளவு தள்ளி வைக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். மாதம் ஒருமுறை சபீனா போட்டுத் தேய்த்து வெள்ளையாக்கி வைத்துவிடுகிறாள். நான் ஒரு மாங்காயை எடுத்துக்கொண்டு உட்காருகிறேன்.